சாறிக் கடை ஆப்புக்குப் பிரைவசி பொலிசி, விதிமுறை, ரிஃபண்ட்: எதை எந்த ஒழுங்கில் எழுதுவது?

#1 · பம்பலப்பிட்டி_கோட்

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு சாறிக் கடைக்கு ஆப் செய்து கொடுக்கிறேன். ஆண்ட்ரொய்ட், ஐபோன் இரண்டுக்கும். உள்ளே இருப்பவை: போன் நம்பரும் ஓடிபியும் (எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறைக் குறியீடு) போட்டு லொகின், டெலிவரி விலாசம், உள்ளூர் கேட்வே (அட்டைக் காசை வாங்கிக் கடைக்குத் தரும் நிறுவனம்) ஒன்றின் ஊடாக அட்டைக் கொடுப்பனவு, சிஓடி (பொருள் கையில் வரும்போது காசு), ரைடர் எங்கே வருகிறார் என்று வரைபடத்தில் காட்டுவது, ஃபயர்பேஸ் (ஆப்புகளுக்கான கூகுள் சேவை) நோட்டிஃபிகேஷன், பேஸ்புக் விளம்பரத்துக்கான எஸ்டிகே (ஆப்புக்குள் சேர்க்கும் வெளியார் கோட் தொகுப்பு). லண்டன், டொரொன்டோவில் இருப்பவர்களும் இங்குள்ள சொந்தக்காரருக்கு ஓடர் பண்ணுவார்கள்.

கடை முதலாளி ஓர் இந்தியத் தளத்தின் பிரைவசி பொலிசியை எடுத்துப் பெயரை மாற்றித் தந்திருக்கிறார். அதைப் போட்டால் போதுமா? வேறு என்ன பக்கங்கள் வேண்டும்? எதை முதலில் செய்ய வேண்டும்?

#2 · தரவு_நிலானி

அந்தப் பொலிசியைப் போட வேண்டாம் தம்பி. வேறொரு கடையின் ஆப் என்ன செய்கிறது என்பதுதான் அதில் இருக்கும். உங்கள் ஆப் செய்யாததை அது ஒப்புக்கொள்ளும், செய்வதைச் சொல்லாமல் விடும். அந்த நாட்டுச் சட்டம் கேட்கும் குறைதீர் அலுவலர், அந்த நாட்டு நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் எல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். கொழும்புக் கடைக்கு அதெல்லாம் வீண் வாக்குறுதி. எழுதிய வாக்குறுதியைக் காப்பாற்றாவிட்டால் ஒன்றும் எழுதாமல் இருப்பதைவிட மோசம்.

பொலிசி எழுதுவது இரண்டாவது வேலை. முதலில் ஓர் எக்செல் தாள் திறந்து, ஆப் தொடுகிற ஒவ்வொரு தரவுக்கும் ஒரு வரி போடுங்கள். பத்திகள் (கொலம்கள்): என்ன தரவு, எந்தத் திரையில் வாங்குகிறோம், எதற்கு, சட்ட அடிப்படை என்ன, யாருக்கெல்லாம் போகிறது, எந்த நாட்டு சேர்வரில் கிடக்கிறது, எவ்வளவு காலம் வைக்கிறோம், எப்படி அழிக்கிறோம். போன் நம்பர் என்ற ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். லொகினுக்கு வாங்குகிறீர்கள். அது ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் நிறுவனத்துக்குப் போகிறது, ஃபயர்பேஸுக்குப் போகிறது, ரைடருக்குப் போகிறது, கேட்வேக்கும் போகிறது. ஒரே நம்பர், நாலு இடம். இந்த நாலும் பொலிசியில் வரவேண்டும்.

ஆட்கள் தவறவிடுவது தாங்கள் கோட் எழுதாத இடத்தைத்தான். எஸ்டிகே தானாக எடுக்கும் தரவு உங்கள் கண்ணில் படாது. மூன்று வழியில் பிடிக்கலாம். ஆண்ட்ரொய்ட் ஸ்டூடியோவில் மேனிஃபெஸ்ட் பைலை (ஆப் கேட்கும் அனுமதிகள் எழுதிய பைல்) திறந்தால் கீழே ‘மேர்ஜ்ட் மேனிஃபெஸ்ட்’ என்று ஒரு டேப் இருக்கும். எந்த லைப்ரரி எந்த அனுமதியைச் சேர்த்தது என்று அது காட்டும். ஆண்ட்ரொய்ட் 13இலிருந்து விளம்பர ஐடிக்கு (விளம்பரத்துக்காகப் போனை அடையாளம் காட்டும் எண்) தனி அனுமதி உண்டு. விளம்பர எஸ்டிகே இருந்தால் பெரும்பாலும் அதுவும் அங்கே உட்கார்ந்திருக்கும். ஐபோன் பக்கம், பெரிய எஸ்டிகேகள் எல்லாம் தம்முடன் ஒரு பிரைவசி மேனிஃபெஸ்ட் பைல் கொண்டுவர வேண்டும் என்று அப்பிள் 2024 மே 1இலிருந்து கேட்கிறது. அதைத் திறந்து வாசியுங்கள். மூன்றாவது, போனை ஒரு புரொக்ஸி (போகிற தரவை இடையில் நின்று காட்டும் மென்பொருள்) வழியாக இணைத்து, புதிதாக நிறுவிய ஆப்பைத் திறந்து, எந்த பட்டனையும் தொடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் எந்தெந்த சேர்வருக்கு என்ன போகிறது என்று பாருங்கள். பாவனையாளர் சம்மதம் கொடுக்க முன்னரே போகிறவை அவை.

பேஸ்புக் எஸ்டிகே இயல்பாகவே ஆப் திறந்ததை எல்லாம் தானாகப் பதிந்து அனுப்பும். அதை நிறுத்துவதற்கும், விளம்பர ஐடி எடுப்பதை நிறுத்துவதற்கும் தனித்தனி செட்டிங் உண்டு. இரண்டையும் முதலில் ‘இல்லை’ என்று வைத்து, சம்மதம் வந்த பிறகு கோட்டில் திறந்துவிடுங்கள்.

#3 · பம்பலப்பிட்டி_கோட்

நன்றி அக்கா. மேர்ஜ்ட் மேனிஃபெஸ்டில் தொடர்புப் பட்டியலை வாசிக்கும் அனுமதியும், துல்லிய இருப்பிட அனுமதியும் இருக்கின்றன. இரண்டையும் நான் போடவில்லை. அப்படியே விட்டு, பொலிசியில் எழுதிவிட்டால் சரியா?

#4 · தரவு_நிலானி

இல்லை, நீக்கிவிடுங்கள். தேவையில்லாத அனுமதியைப் பொலிசியில் எழுதுவதால் அது தேவையானதாக ஆகாது. உங்கள் மேனிஃபெஸ்டிலேயே அந்த அனுமதியின் பெயரைப் போட்டு ‘நீக்கு’ என்ற குறியைச் சேர்த்தால், பில்ட் ஆகும்போது லைப்ரரி கொண்டுவந்தது வெட்டப்படும். அதன் பிறகு அந்த லைப்ரரி செய்யும் வேலையை ஒருமுறை பரிசோதியுங்கள். சில லைப்ரரிகள் அனுமதி இல்லாவிட்டால் கிராஷ் ஆகும். டெலிவரி விலாசத்தை வாடிக்கையாளர் கையால் எழுதினால் போதும். வரைபடத்தில் புள்ளி குத்தச் சொன்னாலும், அந்தத் திரை திறந்திருக்கும்போது மட்டும் இருப்பிடம் கேட்டால் போதும்.

ரைடரின் கதை வேறு. அவருக்கு வேறு ஆப் செய்யுங்கள். வாடிக்கையாளர் ஆப்பிலேயே ரைடர் வேலையையும் போட்டால், பின்னணி இருப்பிட அனுமதி எல்லா வாடிக்கையாளரின் போனிலும் வந்து நிற்கும். பிளே ஸ்டோர் பின்னணி இருப்பிடத்துக்குத் தனிப் படிவம் கேட்கும், அது ஆப்பில் எங்கே எப்படிப் பயன்படுகிறது என்று வீடியோவும் கேட்கும். அனுமதிப் பெட்டி வர முன்னரே, ஆப் மூடியிருக்கும்போதும் இருப்பிடம் எடுக்கப்படும் என்று திரையில் சொல்லியாக வேண்டும். ரைடரும் ஓர் ஆள்தானே. அவருடைய தரவுக்கும் உரிமை உண்டு. வேலை முடிந்ததென்று அவர் அழுத்தியதும் இருப்பிடம் எடுப்பது நிற்கவேண்டும்.

#5 · புதுக்கடை_சட்டம்

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். அடிப்படை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். கடைதான் ‘கட்டுப்பாட்டாளர்’: எதற்காக, எப்படித் தரவை எடுப்பது என்று தீர்மானிக்கிறவர். ஃபயர்பேஸ், எஸ்எம்எஸ் நிறுவனம் போன்றவை ‘செயன்முறைப்படுத்துநர்’: கடைக்காகத் தரவைக் கையாள்பவை. ஆப் கையளித்த பிறகும் டேட்டாபேஸைப் பார்க்கும் அணுக்கம் உங்களிடம் இருந்தால், நீங்களும் அந்த இரண்டாவது வகைக்குள் வருகிறீர்கள் தம்பி. ஆகவே முதலாளியோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வையுங்கள்: எதற்காகப் பார்க்கலாம், யாருக்கும் கொடுக்கக்கூடாது, வேலை முடிந்ததும் அணுக்கம் நீங்கும்.

நிலானி சொன்ன தாளில் ‘சட்ட அடிப்படை’ என்ற பத்தி இருக்கிறதே, அதில்தான் நிறையப் பேர் எல்லா வரிக்கும் ‘சம்மதம்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது பிழை. ஓடரை நிறைவேற்றத் தேவையான பெயர், விலாசம், நம்பர் ஆகியவற்றுக்கு அடிப்படை ஒப்பந்தம். பற்றுச்சீட்டுகளை வைத்திருப்பதற்கு அடிப்படை சட்டக் கடமை. பேஸ்புக் விளம்பரம், சலுகை எஸ்எம்எஸ் ஆகியவற்றுக்குத்தான் சம்மதம். எல்லாவற்றையும் ஒரே ‘சம்மதிக்கிறேன்’ பெட்டிக்குள் அடைத்தால், ஒருவர் சம்மதத்தை மீளப்பெறும் நாளில் அவருடைய ஓடர் விபரத்தையும் வைத்திருக்க உங்களுக்கு அடிப்படை இல்லாமல் போகும். சம்மதம் கேட்கும் வாசகம் தெளிவான, எளிய மொழியில் இருக்கவேண்டும். கொடுத்ததை மீளப்பெற வழி வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியை விட்டுவிடுங்கள்.

பொலிசியில் வரவேண்டியவை: கடையின் பதிவுப் பெயர், விலாசம், தொடர்பு, எதற்காக, எந்த அடிப்படையில், யாருக்குப் போகிறது, வெளிநாட்டுக்குப் போகிறதா, எவ்வளவு காலம், வாடிக்கையாளரின் உரிமைகள், அதாவது பார்ப்பது, திருத்துவது, அழிக்கக் கேட்பது, சம்மதத்தை மீளப்பெறுவது, தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் முறையிடலாம் என்பது. 2022 வாசகப்படி இப்படியான கோரிக்கைக்குப் பதில் சொல்ல 21 வேலை நாட்கள். ஆகவே ‘உடனடியாக’ என்று எழுத வேண்டாம், நாட்களின் எண்ணிக்கையை எழுதுங்கள்.

16 வயதுக்குக் குறைந்தவரின் தரவு இந்தச் சட்டத்தில் விசேட வகைக்குள் வருகிறது. இன, மத, சுகாதார, உடல் அடையாளத் தரவுகளோடு ஒரே வரிசையில். சாறி விற்கப் பிறந்த திகதி எதற்கு? ‘பிறந்தநாள் சலுகை’ என்று முதலாளி கேட்பார். அந்த ஒரு கட்டத்தால் வரும் பொறுப்பு சலுகையின் இலாபத்தைவிடப் பெரிது. கேட்காமல் விடுங்கள்.

#6 · கொட்டாஞ்சேனை_வியாபாரி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தச் சட்டத்துக்கு 2025 மார்ச் 18 என்று திகதி குறித்தார்கள், பிறகு வர்த்தமானி போட்டு அதை விலக்கினார்கள், அந்த வருடமே திருத்தமும் கொண்டுவந்தார்கள். ஒரு சின்னக் கடை இவ்வளவு செலவழித்து இதையெல்லாம் ஏன் இப்போதே செய்யவேண்டும்? கேட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் தானே?

#7 · புதுக்கடை_சட்டம்

நியாயமான கேள்வி அண்ணா. பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையிலேயே வந்துவிட்டது. மற்றவற்றுக்கான திகதியை வர்த்தமானியைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பழைய வலைப்பதிவுகளில் உள்ள திகதியை நம்பவேண்டாம். தண்டம் 2022 வாசகத்தில் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம், மீண்டும் மீறினால் இரட்டிப்பு. முதலில் அதிகாரசபை பணிப்புரை கொடுக்கும், அதைப் பின்பற்றாவிட்டால்தான் தண்டம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். யாரையும் பயமுறுத்துவதற்கு இதை எழுதவில்லை.

ஆனால் காத்திருப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சம்மதம் வாங்காமல் இரண்டு வருடம் சேர்த்த பத்தாயிரம் நம்பருக்கு, சம்மதம் வாங்கியதாகப் பின்திகதி போட்டுக் காட்ட ஏலாது. அன்றைக்கு அந்தப் பட்டியலை வைத்துச் சலுகை எஸ்எம்எஸ் அனுப்ப முடியாமல் போகும். இன்றைக்கு ஒரு டிக் பெட்டியும், டிக் போட்ட நேரத்தைப் பதியும் ஒரு பத்தியும் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? தம்பியைக் கேளுங்கள்.

#8 · ஸ்டோர்_கவின்

அதோடு, சட்டம் எப்போது வந்தாலும் ஸ்டோர் விதிகள் இன்றைக்கே அமுலில் உள்ளன. கடைக்கு முதலில் கதவை மூடுவது ஸ்டோர்தான்.

கூகுள் பிளேயில் பிரைவசி பொலிசி லிங்க் இரண்டு இடத்தில் வேண்டும்: கொன்சோலிலும் (டெவலப்பர் ஆப்பை ஏற்றும் தளம்), ஆப்புக்குள்ளும். பக்கம் பிடிஎஃப் ஆக இருக்கக்கூடாது, யாரும் திருத்தக்கூடிய டொக்யுமென்டாக இருக்கக்கூடாது, நாட்டுக்கு நாடு தடுக்கப்பட்டிருக்கக்கூடாது. தலைப்பில் அது பிரைவசி பொலிசி என்று தெளிவாக இருக்கவேண்டும். ஸ்டோர் பக்கத்தில் உள்ள டெவலப்பர் பெயரோ ஆப்பின் பெயரோ பொலிசிக்குள்ளும் வரவேண்டும். முதலாளி தந்த மாதிரிப் பொலிசிகள் இங்கே அடிபடுவதற்குக் காரணம், எங்கோ ஓர் இடத்தில் பழைய நிறுவனத்தின் பெயர் மாறாமல் கிடப்பதுதான்.

அடுத்தது, ஆப் என்ன தரவை எடுக்கிறது என்று கூகுளுக்கு அறிவிக்கும் டேட்டா சேஃப்டி படிவம். 2022 ஜூலையிலிருந்து கட்டாயம். அதில் சொல்வதும், பொலிசி சொல்வதும், ஆப் உண்மையில் அனுப்புவதும் மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். படிவத்தில் ‘சாதன ஐடி எடுப்பதில்லை’ என்று டிக் போட்டுவிட்டு, உள்ளே விளம்பர எஸ்டிகே இருந்தால், கூகுள் பைலை ஸ்கான் பண்ணும்போதே தெரிந்துவிடும். நிலானி அக்காவின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினால் அரை மணித்தியால வேலை. தாள் இல்லாமல் நிரப்பினால் ஊகம்தான்.

ஐபோனில் இதற்குச் சமமானது ஸ்டோர் பக்கத்தில் வரும் பிரைவசி லேபிள். பேஸ்புக் எஸ்டிகேயை விளம்பரக் கணிப்புக்கு வைத்திருந்தால், ‘உங்களைப் பின்தொடரலாமா’ என்று கேட்கும் அப்பிளின் பெட்டியைக் காட்டவேண்டும், ஐஓஎஸ் 14.5இலிருந்து அப்படித்தான். பாவனையாளர் ‘வேண்டாம்’ என்றால் ஆப்பின் எந்த வசதியையும் பூட்டக்கூடாது.

#9 · ஸ்டோர்_கவின்

கணக்கை அழிக்கும் விடயத்தைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் நிராகரிப்புகளில் பெரும் பங்கு இதில்தான்.

ஆப்பில் கணக்குத் திறக்க விட்டால், ஆப்புக்குள்ளேயே அதை அழிக்கவும் விடவேண்டும். அப்பிள் இதை 2022 ஜூன் 30இலிருந்து கேட்கிறது. கூகுள் இன்னும் ஒன்று சேர்த்துக் கேட்கிறது: ஆப்பை நிறுவாமலே அழிக்கக் கோரும் ஒரு வலைப் பக்கம். ஆப்பை நீக்கிவிட்ட ஒருவர் அதை மறுபடி நிறுவித்தான் கணக்கை அழிக்கலாம் என்றால் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். ‘எங்களுக்கு ஈமெயில் அனுப்புங்கள்’ என்று மட்டும் போட்டால் அப்பிள் பெரும்பாலும் ஏற்காது. கணக்கை முடக்கி வைப்பது அழிப்பது ஆகாது.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கவேண்டும்? பாவனையாளர் டேபிளில் ஒரு வரியை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஃபயர்பேஸ் லொகின் கணக்கு தனியாக இருக்கும், அதையும் அழிக்கவேண்டும். நோட்டிஃபிகேஷன் டோக்கன் (செய்தி எந்தப் போனுக்கு என்று காட்டும் குறியீடு) கிடக்கும். அழிக்காவிட்டால் கணக்கை அழித்தவருக்கே ‘புதிய காஞ்சிபுரம் வந்துள்ளது’ என்று செய்தி போகும். கேட்வேயில் சேமித்த அட்டை டோக்கன் (அட்டை இலக்கத்துக்குப் பதிலாக நிற்கும் குறியீடு) இருக்கும். சேமித்த விலாசங்கள், சாட் படங்கள் இருக்கும். பழைய ஓடர்களை அழிக்க ஏலாது, வரிக் கணக்குக்கு வேண்டும். அவற்றில் பெயர், நம்பரைப் பொது லொகினிலிருந்து பிரித்து, கணக்காளர் மட்டும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். எதை வைத்திருக்கிறீர்கள், ஏன், எவ்வளவு காலம் என்பதை அழிக்கும் திரையிலேயே இரண்டு வரியில் எழுதுங்கள். பெக்கப் பற்றியும் ஒரு வரி: பெக்கப் எத்தனை நாளில் சுழன்று அழிகிறதோ அந்த எண்.

இன்னொன்று. ஓடிபி லொகின் என்பதால், ஸ்டோர் பரிசோதகருக்கு இலங்கை நம்பர் இருக்காது. அவர் உள்ளே வராமலே நிராகரித்துவிடுவார். ஃபயர்பேஸ் கொன்சோலில் பரிசோதனைக்கான நம்பரும் நிலையான ஆறு இலக்கக் குறியீடும் போடும் இடம் உண்டு. அதை ரிவியூ குறிப்பில் கொடுங்கள். அந்தக் கணக்கில் உண்மையான வாடிக்கையாளர் தரவு எதுவும் இருக்கவேண்டாம்.

#10 · கொட்டாஞ்சேனை_வியாபாரி

விளங்குகிறது. சரி, டெவலப்பர் கணக்கு யார் பெயரில் இருப்பது நல்லது? தம்பியின் பெயரிலா, கடை பெயரிலா?

#11 · ஸ்டோர்_கவின்

கடை பெயரில்தான் அண்ணா. அப்பிளுக்கு வருடம் 99 டொலர், கூகுளுக்கு ஒரே தரம் 25 டொலர். நிறுவனக் கணக்கு என்றால் டன்ஸ் நம்பர் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) கேட்பார்கள். கூகுளில் தனியாள் கணக்கு 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்தது என்றால், வெளியிட முன்னர் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாட்கள் தொடர்ந்து மூடிய பரிசோதனை (அழைத்தவர்கள் மட்டும் பாவித்துப் பார்ப்பது) நடத்தவேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது. தீபாவளி விற்பனைக்கு ஆப் வேண்டும் என்று முதலாளி சொன்னால், இந்த 14 நாளையும் கணக்கில் சேர்த்துத் திகதி சொல்லுங்கள்.

ஃபயர்பேஸ், டொமைன், எஸ்எம்எஸ் கணக்கு எல்லாம் கடையின் ஈமெயிலில் திறந்து, டெவலப்பரை உறுப்பினராகச் சேர்ப்பதுதான் முறை. பொலிசியில் பொறுப்பாளர் என்று கடையின் பெயரைப் போட்டுவிட்டு, சாவி முழுவதும் இன்னொருவர் கையில் இருந்தால், அழிக்கச் சொல்லி யாராவது கேட்கும் நாளில் கடைக்காரரால் எதுவும் செய்ய ஏலாது.

#12 · கேட்வே_மீரா

கொடுப்பனவுப் பக்கம். சாறி கையில் தொடுகிற பொருள், ஆகவே அப்பிளின் உள்-கொள்வனவு முறை (அப்பிள் ஊடாகவே காசு வாங்கும் வழி) தேவையில்லை. கேட்வே, சிஓடி இரண்டும் பாவிக்கலாம். நாளைக்கு முதலாளி ‘சாறி உடுத்தும் வீடியோ வகுப்பு’ என்று ஆப்புக்குள்ளேயே விற்க நினைத்தால் அது டிஜிட்டல் பொருள், விதி முற்றாக மாறும். அப்போது திரும்ப வந்து கேளுங்கள்.

அட்டை இலக்கம் உங்கள் சேர்வரைத் தொடவே கூடாது. கேட்வேயின் சொந்தப் பக்கத்திலோ அவர்களின் எஸ்டிகே கட்டத்திலோ வாடிக்கையாளர் போடட்டும். உங்களுக்கு டோக்கனும் கடைசி நாலு இலக்கமும் போதும். கவனிக்காமல் விடும் இடம் லொக் பைல் (சேர்வரில் நடந்ததைப் பதியும் பைல்). எரர் வந்தால் முழுக் கோரிக்கையையும் எழுதி வைக்கும் லொக், அட்டை இலக்கத்தையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் சேர்த்து எழுதிவிடும். அந்த மூன்று இலக்கத்தைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு எந்த வடிவத்திலும் வைத்திருக்கக்கூடாது என்பது அட்டைத் துறையின் பாதுகாப்பு விதி.

கேட்வே அனுமதிக்க முன்னர் பெரும்பாலும் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள்: பிரைவசி பொலிசி, விதிமுறை, ரிஃபண்ட் பக்கம், வியாபாரப் பதிவில் உள்ள அதே பெயர், விலாசம், தொலைபேசி, ரூபாயில் விலை. வியாபாரப் பதிவுச் சான்றிதழில் ஒரு பெயர், தளத்தில் இன்னொரு பெயர் என்றால் அங்கேயே நிற்கும். வேறு வணிகப் பெயரில் நடத்துகிறார்கள் என்றால் அடிக்குறிப்பில் ‘இன்ன பதிவுப் பெயரால் நடத்தப்படுகிறது’ என்று ஒரு வரி போடுங்கள்.

அட்டையில் கட்டினால் மூன்று வீதம் மேலதிகம் என்று சில கடைகள் கேட்கின்றன. ஆப்பில் அதை எழுத வேண்டாம். வணிகர் வங்கிக்குக் கட்டும் அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் போடக்கூடாது என்று மத்திய வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது; வங்கியுடனான ஒப்பந்தமும் அதைத் தடுக்கும்.

#13 · புதுக்கடை_சட்டம்

ரிஃபண்ட், விதிமுறை இரண்டையும் ஒரே பக்கத்தில் குழப்ப வேண்டாம். ரிஃபண்டைத் தான் ஆட்கள் அதிகம் தேடுவார்கள், அதற்குத் தனி லிங்க் கொடுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் இணையக் கடைக்கும் பொருந்தும். பிழையாக வழிநடத்தும் நடத்தையும் பொய்யான எடுத்துரைப்பும் அதில் தடை. ‘சுத்தப் பட்டு’ என்று போட்டுக் கலப்புப் பட்டு அனுப்பினால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரி உங்களைக் காப்பாற்றாது. அதிகாரசபையின் அவசர இலக்கம் 1977. வாடிக்கையாளர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆகவே இரண்டு நிலையைப் பிரித்து எழுதுங்கள். பொருள் குறைபாடானது அல்லது காட்டியதற்கு மாறானது: கடை செலவில் திரும்ப எடுப்போம், காசோ மாற்றுப் பொருளோ வாடிக்கையாளர் தெரிவு. மனம் மாறியது: இத்தனை நாளுக்குள், மடிப்புக் கலையாமல், ஃபோல்ஸ் அடிக்காமல், பிளவுஸ் துணி வெட்டாமல் இருந்தால் மாற்றித் தருவோம், டெலிவரிச் செலவு வாடிக்கையாளருடையது. சாறிக்கு அந்தப் பிளவுஸ் வரி முக்கியம். வெட்டிய பிறகுதான் சண்டை வரும். நிறம் திரையில் சற்று வேறுபடலாம் என்று எழுதலாம், ஆனால் மெரூன் படத்துக்கு மண்ணிறம் அனுப்புவதற்கு அந்த வரி இடம் தராது. சிஓடிக்குக் காசு எப்படித் திரும்பும் என்றும் சொல்லவேண்டும்: வங்கிக் கணக்குக்கா, கடையிலா, எத்தனை வேலை நாளில்.

விதிமுறையில் ஒரே ஒரு வரி மிக முக்கியம்: ஒப்பந்தம் எப்போது பிறக்கிறது. கடையில் ஒரே ஒரு சாறி இருக்கும், ஆப்பில் இருவர் ஒரே நேரத்தில் ஓடர் பண்ணுவார்கள். ‘உங்கள் ஓடர் கிடைத்தது’ என்ற தானியங்கிச் செய்தி ஏற்பு அல்ல, ‘உறுதிசெய்யப்பட்டது’ என்ற செய்திதான் ஏற்பு என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது. ஆப் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகமும் அப்படியே பிரிந்திருக்கவேண்டும். இலத்திரனியல் ஒப்பந்தம் செல்லும் என்பதில் சந்தேகமில்லை; 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் வாடிக்கையாளர் எந்தப் பதிப்புக்குச் சம்மதித்தார் என்று காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு. ஓடர் பட்டனுக்கு மேலே விதிமுறை லிங்கும், டேட்டாபேஸில் பதிப்பு எண்ணும் நேரமும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் லிங்கை ஒளித்துவைத்து ‘தளத்தைப் பாவித்தாலே சம்மதம்’ என்று எழுதுவது பலவீனமானது.

#14 · பம்பலப்பிட்டி_கோட்

லண்டன், டொரொன்டோ ஆட்களுக்கு ஐரோப்பியச் சட்டம் பொருந்துமா? குக்கி பெனர் (உலாவியில் பதியும் சிறு தரவுக்குச் சம்மதம் கேட்கும் பட்டை) போடச் சொல்லி முதலாளி கேட்கிறார்.

#15 · தரவு_நிலானி

அங்கிருந்து தளத்தைத் திறக்க முடிகிறது என்பதால் மட்டும் ஜிடிபிஆர் (ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) பொருந்தாது. அந்த ஊர் மக்களை நோக்கி விற்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பவுண்டில் விலை, லண்டனுக்கு டெலிவரி, லண்டன் ஆட்களைக் குறிவைத்த பேஸ்புக் விளம்பரம் ஆகியவை இருந்தால் ஆம் என்ற பக்கம் சாயும். ரூபாயில் விலை, இலங்கைக்குள் மட்டும் டெலிவரி, வெளியே விளம்பரம் இல்லை என்றால் இல்லை என்ற பக்கம். பிரித்தானியா பிரிந்த பிறகு தனக்கெனத் தனிப் பிரதி வைத்திருக்கிறது, ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பொருந்தினால் அங்கே ஒரு பிரதிநிதியை நியமிக்கவேண்டி வரலாம், தரவுக் கசிவை 72 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவேண்டி வரலாம். முதலாளியிடம் இன்றைக்குக் கேட்கவேண்டியது: விளம்பரத்தை எந்த நாட்டுக்குத் திறந்து வைத்திருக்கிறார்?

குக்கி பெனர் அலங்காரம் அல்ல. ‘சரி’ என்று அழுத்த முன்னரே விளம்பர ஸ்கிரிப்ட் ஓடுகிறதென்றால் பெனர் இருந்தும் இல்லாததும் ஒன்று. முதலில் ஸ்கிரிப்டைத் தடுத்து வையுங்கள், அதன் பிறகு பெனர்.

#16 · கேட்வே_மீரா

ஒரு விடயம் யாரும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட கடைகளில் கசிவு நடப்பது ஹக் பண்ணி அல்ல. ஓடர் வந்ததும் பெயர், விலாசம், நம்பர், தொகை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து ரைடர்களின் வட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். போன மாதம் வேலையை விட்ட ரைடரும் அந்தக் குரூப்பில் இருப்பார். பெண்களின் நம்பரும் வீட்டு விலாசமும் இப்படித்தான் வெளியே போகின்றன. எந்தப் பொலிசியும் இதை மறைக்க ஏலாது. ரைடர் ஆப்பில் அன்றைய ஓடர்கள் மட்டும், டெலிவரி முடிந்ததும் நம்பர் மறையும்படி செய்யுங்கள். இந்த முழு இழையிலும் உடனே செய்யவேண்டியது எது என்று கேட்டால், எனக்கு இதுதான்.

#17 · புதுக்கடை_சட்டம்

முழுதாக உடன்படுகிறேன்.

#18 · பம்பலப்பிட்டி_கோட்

குரூப் இருக்கிறது. நாளைக்கே முதலாளியோடு கதைக்கிறேன். ரைடர் ஆப் தயாராகும் வரை என்ன செய்வது?

#19 · கேட்வே_மீரா

அதுவரை ஒவ்வொரு ரைடருக்கும் அவருடைய ஓடரை மட்டும் தனியாக அனுப்புங்கள், செய்தி தானாக அழியும் செட்டிங்கை 24 மணித்தியாலத்துக்கு வையுங்கள். குரூப்பை மூடிவிடுங்கள். பழைய செய்திகளைத் தங்கள் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள்.

#20 · தெஹிவளை_எஸ்எம்எஸ்

சலுகைச் செய்தி பற்றி ஒரு வார்த்தை. ‘உங்கள் ஓடர் புறப்பட்டது’ என்பது சேவைச் செய்தி, அதற்குத் தனிச் சம்மதம் வேண்டாம். அதே செய்தியின் வாலில் ‘பொங்கலுக்கு 20% கழிவு’ என்று ஒட்டினால் முழுச் செய்தியும் விளம்பரமாகிவிடும். இரண்டுக்கும் டேட்டாபேஸில் இரண்டு தனிப் பத்தி வையுங்கள். விலகும் வழி இலவசமாக இருக்கவேண்டும், விலகியவரின் நம்பரை அழிக்காமல் ‘அனுப்பாதே’ பட்டியலில் வையுங்கள். அழித்துவிட்டால் அடுத்த எக்செல் ஏற்றும்போது அதே நம்பர் மறுபடி உள்ளே வரும்.

#21 · பம்பலப்பிட்டி_கோட்

வாடிக்கையாளர் விமர்சனம், படம் போடும் பகுதியை இரண்டாம் பதிப்பில் சேர்க்க யோசனை. அதற்கு ஏதும் உண்டா? மொழி மூன்றிலும் எழுதவேண்டுமா?

#22 · ஸ்டோர்_கவின்

பாவனையாளர் எழுதுவது ஆப்பில் வந்தால் அப்பிள் நாலு விடயம் கேட்கும்: தகாததை வடிகட்டுவது, முறையிடும் பட்டன், எழுதியவரைத் தடுக்கும் வழி, வெளியே தெரியும் தொடர்பு விபரம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அப்போது பொருத்தமாகும். முதல் பதிப்பில் நட்சத்திரம் மட்டும் போட்டு விடுங்கள்.

#23 · புதுக்கடை_சட்டம்

மொழி: ஆப் எந்த மொழியில் விற்கிறதோ அந்த மொழியில் பொலிசி வேண்டும். தமிழில் பொருள் காட்டி, தமிழில் காசு வாங்கி, சம்மதத்தை மட்டும் ஆங்கிலத்தில் கேட்டால் ‘எளிய, தெளிவான மொழி’ என்று சொல்ல ஏலாது. வெள்ளவத்தைக் கடைக்குத் தமிழும் ஆங்கிலமும் கட்டாயம் போல. சிங்கள வாடிக்கையாளரும் நிறைய வருவார்கள், சிங்களத்தையும் சேருங்கள். முரண்பட்டால் எந்தப் பிரதி செல்லும் என்று ஒரு வரி எழுதுங்கள். மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டவேண்டாம். ரிஃபண்ட் பக்கத்தில் ‘மாற்றித் தருவோம்’ என்பது ‘காசு தருவோம்’ என்று மாறினால் நட்டம் கடைக்குத்தான்.

#24 · பம்பலப்பிட்டி_கோட்

எல்லோருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி: பொலிசிப் பக்கத்தை எங்கே வைப்பது? தளம் இன்னும் முடியவில்லை.

#25 · ஸ்டோர்_கவின்

கடையின் சொந்த டொமைனில், லொகின் இல்லாமல் திறக்கும் சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கமாக வையுங்கள். தளம் முடியாவிட்டாலும் இந்த மூன்று பக்கத்தை மட்டும் முதலில் ஏற்றலாம். கணக்கு அழிக்கும் பக்கம் நாலாவது. முகவரி மாறக்கூடாது: புதிய பதிப்பு வந்தால் அதே முகவரியில் புதியதைப் போட்டு, பழையதைத் திகதி போட்ட தனி முகவரியில் வைத்து, கீழே லிங்க் கொடுங்கள். டொமைன் புதுப்பிக்கும் திகதியை முதலாளியின் கலண்டரில் போடுங்கள், தானாகப் புதுப்பிக்கும் செட்டிங்கையும் திறந்துவிடுங்கள். டொமைன் காலாவதியாகிப் பொலிசி லிங்க் திறக்காமல் போனால் பிளே அதை விதிமீறலாகவே எடுக்கும், ஆப் நீக்கப்படவும் கூடும்.